குடலின் தாளமும் ஒரு கட்டியும்

நெஞ்சு துடிப்பதை யாவரும் அறிவர். இரைப்பையும் துடிக்கிறது என்பதை அறிந்தோர் சிலரே. நிமிடத்திற்கு ஏறத்தாழ 3 முறை இரைப்பையின் சுவரில் மெல்லிய அலையொன்று எழுந்து கீழ்நோக்கிச் செல்கிறது. சிறுகுடலின் தொடக்கத்தில் அவ்வலை நிமிடத்திற்கு 12 முறை அளவில் எழுகிறது. குடலின் கடைப்பகுதியை அடைவதற்குள் 8 முறை அளவாகக் குறைகிறது. நாம் உறங்கும்போதும் பட்டினி கிடக்கும்போதும் இத்தாளம் ஓய்வதில்லை. உண்ட உணவு பிசையப்படுவதும் கீழே தள்ளப்படுவதும் இதைப் பின்பற்றியே நடைபெறுகின்றன. இத்தாளத்தை இடுகிற உயிரணுக்கள் யாவை, அவை நெறி பிறழ்ந்தால் விளையும் நோய் யாது, அந்நோய்க்கு இன்று செய்யப்படும் மருத்துவம் எத்துணைப் பயன் தருகிறது என்பனவற்றையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

ஸ்பெயின் நாட்டிலே சாந்தியாகோ ரமோன் இ கஹால் என்னும் உடற்கூற்றறிஞர் வாழ்ந்தார். நரம்பு மண்டலத்தின் அமைப்பை விளக்கியமைக்காக 1906ஆம் ஆண்டில், இத்தாலியரான கோல்ஜியோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். திசுக்களுக்குச் சாயமேற்றி, உருப்பெருக்கியின் கீழ் வைத்து, கண்டதைத் தம் கையாலேயே வரைந்துவைப்பது அவர் வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், குடற்சுவரை அவ்வாறு ஆராய்ந்தபோது, தசைகளுக்கும் நரம்பு நுனிகளுக்கும் இடையே கிளைகள் விட்ட சிறு உயிரணுக்கள் சில இருக்கக் கண்டார். அவற்றை ஒருவகை எளிய நரம்பணுக்கள் என்றே அவர் கருதினார். அவை நரம்பணுக்கள் அல்ல என்பது பின்னரே தெளிவாயிற்று. எனினும் பெயர் நிலைத்துவிட்டது. இன்றும் அவற்றைக் ‘கஹாலின் இடையணுக்கள்’ என்றே வழங்குகிறோம். குடலின் தாளத்தை இடுபவை இவையே. கஹால் 1934இல் மறைந்தார். தாம் வரைந்த அச்சிறு உயிரணுக்கள் ஒருநாள் புற்றுநோய் மருத்துவத்தின் நடுவிடத்திற்கு வந்து நிற்கும் என்பதை அவர் எண்ணியும் பார்த்திருக்க இயலாது.

இவ்விடையணுக்களிடமிருந்தோ, இவற்றுக்கு மூலமான உயிரணுக்களிடமிருந்தோ தோன்றும் கட்டியையே மருத்துவர் ‘கேஸ்ட்ரோ இன்டெஸ்டைனல் ஸ்ட்ரோமல் டியூமர்’ என்பர். பெயர் நீளமாக இருப்பதால் ‘ஜிஸ்ட்’ என்று சுருக்கிச் சொல்வதும் உண்டு. ‘ஸ்ட்ரோமா’ என்பது கிரேக்கச் சொல். விரிப்பு, படுக்கை என்பது அதன் பொருள். ஓர் உறுப்பின் சிறப்புத் தொழிலைச் செய்யும் உயிரணுக்களுக்குப் படுக்கைபோல் அமைந்து அவற்றைத் தாங்கும் அடித்திசு அது. இரைப்பையில் வழக்கமாகக் காணப்படும் புற்று உட்பூச்சிலே தோன்றுவது. ஜிஸ்ட் கட்டியோ உட்பூச்சுக்கு அப்பால், சுவரின் தசையடுக்கிலே தோன்றுவது. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், இந்நோயின் குணங்கள் பலவும் தாமே விளங்கிவிடும்.

இது அரிய நோய். ஆண்டுதோறும் பத்து லட்சம் மக்களில் 10 முதல் 15 பேருக்குத் தோன்றுவதாகக் கணக்கிட்டுள்ளனர். ஆண் பெண் வேறுபாடு பெரிதாக இல்லை. அறுபது வயதை ஒட்டியவர்களிடமே மிகுதி. இளையோரிடமும் குழந்தைகளிடமும் மிக அரிது. நூறு கட்டிகளில் ஏறத்தாழ 60 இரைப்பையிலும் 30 சிறுகுடலிலும் காணப்படுகின்றன. எஞ்சியவற்றுட் பெரும்பகுதி மலக்குடலில் தோன்றும். உணவுக்குழாயில் தோன்றுவது மிகமிக அருமை.

இனி, நோயின் அறிகுறிகளைப் பார்ப்போம். கட்டி சுவருக்குள் இருந்துகொண்டு வெளிப்புறமாக வளரும் இயல்புடையது. வயிற்றறையில் இடம் தாராளமாக இருப்பதால், ஒரு தேங்காய் அளவு வளரும்வரையிலும்கூடச் சிலருக்கு அது தெரியாமலே இருந்துவிடுகிறது. சாப்பிடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே வயிறு நிறைந்துவிட்டாற்போலத் தோன்றுவதும், இனம் புரியாத வயிற்றுவலியும், கையால் தடவினால் தட்டுப்படும் கட்டியும் சிலரிடம் முதற் குறிகள். ஆனால் அடிக்கடி காணப்படுவது இரத்தக் கசிவு. கட்டியின் மேலுள்ள உட்பூச்சு புண்ணாகி இரத்தம் சிறிது சிறிதாகக் கசியும். இரத்தம் இரைப்பையில் உள்ள அமிலத்தோடு கலந்து கீழிறங்குவதால் மலம் தார்போலக் கருத்து, பிசுபிசுப்பாகப் போகும். கசிவு மிகக் குறைவாயின் அந்நிறமும் தெரியாது. ஆள் மட்டும் வெளுத்துப்போவார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். சோர்வு என்றும் முதுமை என்றும் சொல்லி, இரும்புச்சத்து மாத்திரை வாங்கி உண்டு நாளைப் போக்குவோர் உளர். வீட்டிலே அறுபது வயது கடந்த தாத்தாவுக்கோ பாட்டிக்கோ காரணம் தெரியாத இரத்தச்சோகை இருந்தால், இரத்தம் எங்கே போகிறது என்று கேட்பதே முறை. அதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு நோயாகவே இருக்கும். அரிதாக இக்கட்டியாகவும் இருக்கக்கூடும்.

வாய்வழியாகக் குழாய் செலுத்தி இரைப்பையின் உள்ளே பார்க்கும் எண்டாஸ்கோப்பிச் சோதனையிலே, வழவழப்பான உட்பூச்சைக் கீழிருந்து ஒரு பந்து உந்தித் தள்ளுவதுபோல இக்கட்டி தென்படும். மேலாகச் சிறு துணுக்கைக் கிள்ளி எடுத்தால், உட்பூச்சு வருமேயன்றிக் கட்டி வாராது. எனவே குழாயின் நுனியில் ஒலியலைக் கருவியைப் பொருத்தி, ஊசியைச் சுவருக்குள் செலுத்தித் துணுக்கு எடுக்கிறார்கள். பரவும் முறையிலும் இது தனிப்போக்கு உடையது. வழக்கமான குடற்புற்று நிணநீர்க் கணுக்களின் வழியே பரவும். இதுவோ பெரும்பாலும் அவற்றைத் தொடாமல் கல்லீரலுக்கும், வயிற்றறையின் உள்ளுறைக்குமே பரவுகிறது. நுரையீரலுக்குச் செல்வது அருமை.

நிற்க. இந்நோய் புதிதாகத் தோன்றியதன்று, புதிதாக அறியப்பட்டது. நெடுங்காலம் மருத்துவர் இதனைத் தசைக்கட்டி என்றே எண்ணிவந்தனர். உருப்பெருக்கியின் கீழே கதிர்போல நீண்ட உயிரணுக்கள் கற்றை கற்றையாகக் கிடப்பதைப் பார்த்தால் எவர்க்கும் அவ்வாறே தோன்றும். 1983ஆம் ஆண்டில் மாஸர், கிளார்க் என்னும் அமெரிக்க நோய்க்குறியியல் அறிஞர் இருவர், இவற்றிற் பல தசைக்குரிய அடையாளங்களையோ நரம்புறைக்குரிய அடையாளங்களையோ தெளிவாகக் காட்டவில்லை என்பதைக் கண்டு, ‘ஸ்ட்ரோமல் கட்டி’ என்னும் பொதுப்பெயரை வழங்கினர். இன்னது என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில், சொல்ல முடிந்த அளவுக்கு மட்டும் பெயர் வைத்தது நேர்மையான செயல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெயர் மாறியதால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்கலாம். அன்றைக்கு ஒன்றுமில்லை. அறுத்து எடுப்பது ஒன்றே மருத்துவமாக இருந்தது. நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவ நிலையத்தார் தம்மிடம் வந்த 200 நோயாளிகளின் வரலாற்றை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முதற்கட்டியை மிச்சமின்றி நீக்க முடிந்தவர்களுள் 5 ஆண்டு கடந்து உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 54 பேர். நோய் பரவிய நிலையில் வந்தவர்களுட் பாதிப்பேர் 19 மாதங்களுக்குள் இறந்தனர். தசைப்புற்றுக்குக் கொடுக்கப்படும் கடுமையான மருந்துகளை ஊசிவழிச் செலுத்திப் பார்த்தும் மிகச் சிலரிடமே பலன் கண்டனர். கதிர்வீச்சும் உதவவில்லை.

கதவு வேறொரு பக்கத்திலிருந்து திறந்தது. 1986ஆம் ஆண்டில், பூனைகளுக்குப் புற்றை விளைவிக்கும் வைரஸ் ஒன்றில் ‘கிட்’ என்னும் மரபணு கண்டறியப்பட்டது. அதற்கு இணையான மரபணு எலியிடமும் மனிதரிடமும் உண்டு. உடலில் வெள்ளைத் திட்டுகளோடும் இரத்தச்சோகையோடும் பிறக்கும் ஒருவகை எலிகளிடம் இம்மரபணுவே பழுதுபட்டிருந்தது. ஜப்பானில் 1990களின் தொடக்கத்தில், பிறந்த எலிக்குட்டிகளுக்குக் கிட் புரதத்தைத் தடுக்கும் எதிர்ப்பொருளைச் செலுத்தினர். குட்டிகளின் குடலில் தாளம் கெட்டது! கஹால் கண்ட இடையணுக்கள் வாழ்வதற்கே கிட் புரதம் இன்றியமையாதது என்பது அதனால் வெளிப்பட்டது. அவ்வாறாயின் ஜிஸ்ட் கட்டியிலும் அப்புரதம் இருக்குமோ என்ற ஐயம் எழுவது இயல்பன்றோ? ஒசாகாவைச் சேர்ந்த ஹிரோத்தா, கிதாமுரா முதலியோர் தேடிப் பார்த்தனர், இருந்தது. அதுமட்டுமன்று, கட்டியில் இருந்த கிட் மரபணு உருத்திரிந்தும் இருந்தது. 1998ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ இதழில் இச்செய்தி வெளியாயிற்று.

உருத்திரிபு என்ன தீங்கு செய்கிறது? ஆலைச் சங்கை நினைத்துக்கொள்ளுங்கள். குறித்த வேளையில் சங்கு ஊதும், தொழிலாளர் உள்ளே வருவர், சங்கு நிற்கும். கிட் புரதம் உயிரணுவின் மேலுறையில் நின்று, வெளியிலிருந்து கட்டளை வரும்போது மட்டும் உள்ளே ஒலிக்கின்ற சங்கு. ‘வளர், பெருகு’ என்பது அதன் ஒலிக்குப் பொருள். உருத்திரிந்த கிட், கட்டளை வாராமலே இடைவிடாது ஊதிக்கொண்டிருக்கிறது. உயிரணுக்கள் ஓயாமல் பெருகுகின்றன. நூறு ஜிஸ்ட் கட்டிகளில் ஏறத்தாழ 75இல் இப்பழுது கிட் மரபணுவில் இருக்கிறது. ஏறத்தாழ 10இல், அதற்கு உறவான ‘பிடிஜிஎஃப்ஆர்ஏ’ என்னும் மரபணுவில் இருப்பதை 2003இல் கண்டனர். எஞ்சியவை வேறு காரணங்களால் விளைபவை. குழந்தைகளிடமும் இளையோரிடமும் காணப்படும் கட்டிகள் பெரும்பாலும் இவ்வகையைச் சார்ந்தவை.

சங்கின் வாயை அடைக்கும் பொருள் அப்போதே உலகில் இருந்தது. சுவிட்சர்லாந்து நாட்டு நோவார்ட்டிஸ் நிறுவனத்தார் நாட்பட்ட இரத்தப்புற்று ஒன்றிற்காக ‘இமாட்டினிப்’ என்னும் மருந்தை ஆக்கியிருந்தனர். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த பிரையன் டிரக்கர் என்னும் மருத்துவர் அதனை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சிறந்த பயன் கண்டிருந்தார். அம்மருந்து தடுக்க வேண்டிய இரத்தப்புற்றுப் புரதமும் கிட் புரதமும் ஒரே குடும்பத்தன. எனவே ஒன்றைத் தடுக்கும் மருந்து மற்றொன்றையும் தடுத்தது.

2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பின்லாந்து நாட்டுத் தலைநகரான ஹெல்சிங்கியில், ஹெய்க்கி யோவென்சூ என்னும் மருத்துவர் இம்மருந்தை ஜிஸ்ட் நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகக் கொடுத்தார். அப்பெண்மணிக்கு முன்பே அறுவைகள் செய்யப்பட்டிருந்தன. நோய் மீண்டும் மீண்டும் வந்தது, கல்லீரலெங்கும் பரவிவிட்டது. வழக்கிலிருந்த மருந்துகள் யாவும் கைவிட்டன. நாள்தோறும் 400 மில்லிகிராம் இமாட்டினிப் மாத்திரையாகக் கொடுக்கப்பட்டது. இரண்டே வாரத்தில் கட்டிகள் சுருங்கத் தொடங்கின. சர்க்கரையை மிகுதியாக உண்ணும் திசுக்களை ஒளிரச் செய்து காட்டும் ‘பெட்’ படத்தில், மருந்துக்கு முன் கட்டிகள் பளிச்சென்று தெரிந்தன. ஒரு மாதம் சென்றபின் எடுத்த படத்திலே அவ்வொளி இல்லை. ஒரே ஒரு நோயாளியின் வரலாறாக இருந்தும், 2001இல் அது வெளியானபோது மருத்துவ உலகமே திரும்பிப் பார்த்தது.

ஒருவரைக் கொண்டு முடிவு கட்டலாகாது என்பது அறிவியலின் நெறி. 147 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2002இல் வெளியாயிற்று. அறுவைக்கு அப்பாற்பட்ட நிலையில் இருந்த அவர்களுள் நூற்றுக்கு 54 பேரிடம் கட்டி கணிசமாகச் சுருங்கியது. மேலும் 28 பேரிடம் வளராமல் நின்றது. ஆனால் முழுவதும் மறைந்துபோனது ஒருவரிடமும் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள். பின்னர் இதற்கு வருவோம். இவர்களைத் தொடர்ந்து கவனித்துவந்ததில், பாதிப்பேர் 57 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தனர் என்று தெரிந்தது. முன்னே கூறிய 19 மாதங்களோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். வட அமெரிக்காவில் ஏறத்தாழ 700 பேரிடம் நிகழ்ந்த மற்றோர் ஆய்வில், நோய் பரவிய நிலையில் மருந்து தொடங்கியவர்களுள் நூற்றுக்கு 23 பேர் 10 ஆண்டு கடந்தும் உயிரோடிருப்பர் என மதிப்பிட்டனர்.

கட்டி பரவாமல் ஓரிடத்தில் நிற்குமாயின் இன்றும் அறுவையே முதல் மருத்துவம். நிணநீர்க் கணுக்களைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. இரைப்பை முழுவதையும் எடுக்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. கட்டியைச் சுற்றிலும் சிறிது நல்ல திசுவோடு வெட்டி எடுத்தால் போதும். ஆனால் கை நடுங்காமை வேண்டும். கட்டி பழுத்த பழம்போல மெத்தென்று இருக்கும். கிழிந்துவிட்டால் வயிற்றறையெங்கும் விதை தூவியதுபோலாகிவிடும். அதன்பின் நோய் மீண்டும் வாராதிருத்தல் அரிது.

நீக்கிய கட்டி மீண்டும் வருமா என்பதை அதன் அளவு, உயிரணுக்கள் பிளந்து பெருகும் வேகம், தோன்றிய இடம் ஆகியவற்றைக் கொண்டு கணிக்கின்றனர். இடத்தின் முதன்மை வியப்புக்குரியது. 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை அளவுள்ளதும், பிளவு வேகம் குறைந்ததுமான கட்டி இரைப்பையில் இருந்தால் நோய் முற்றுவோர் நூற்றுக்கு 4 பேர்கூட இல்லை. அதே அளவும் அதே வேகமும் உடைய கட்டி சிறுகுடலில் இருந்தாலோ 24 பேர். ஆபத்து மிகுந்தோர்க்கு அறுவைக்குப் பின்னும் மாத்திரை கொடுக்கிறார்கள். ஓராண்டு கொடுப்பது நன்றா, மூன்றாண்டு நன்றா என்று ஐரோப்பாவில் 400 பேரிடம் ஆராய்ந்தனர். பத்தாண்டு முடிவில், ஓராண்டு உண்டவர்களில் நூற்றுக்கு 65 பேரும், மூன்றாண்டு உண்டவர்களில் 79 பேரும் உயிரோடிருந்தனர்.

இனி, முன்னே நிறுத்திவைத்த வாக்கியத்திற்கு வருகிறேன். மருந்து சங்கின் வாயை அடைக்கிறது, சங்கை உடைப்பதில்லை. பரவிய நோயில், சுருங்கிய கட்டிக்குள்ளே உயிரணுக்கள் உறங்கிக் கிடக்கின்றன. ஓராண்டு மருந்துண்டு நலமாக இருக்கும் ஒருவர் அதனை நிறுத்தினால் என்ன? பிரான்சு நாட்டு மருத்துவர் இவ்வினாவை ஆய்வுக்கே எடுத்துக்கொண்டு, முடிவை 2007இல் வெளியிட்டனர். நிறுத்திய 32 பேருள் 26 பேரிடம் நோய் மீண்டும் வளர்ந்தது. தொடர்ந்து உண்ட 26 பேருள் 8 பேரிடமே வளர்ந்தது. நிறுத்தியவர்களுக்கு மருந்தை மறுபடி கொடுத்தபோது பெரும்பாலோர்க்கு நோய் அடங்கியது நல்வாய்ப்பே. ஆயினும், பரவிய நோயில் மாத்திரையை இடையில் நிறுத்தலாகாது என்பது அன்றோடு உறுதியாயிற்று. கண்ணைச் சுற்றி வீக்கம், தசைப்பிடிப்பு, குமட்டல், வயிற்றுப்போக்கு முதலிய துன்பங்கள் இம்மருந்தால் வருவதுண்டு. அவற்றுக்கு அஞ்சியோ, உடம்பு தேறிவிட்டது என்று மகிழ்ந்தோ தாமாக நிறுத்துவோர் உண்டு. மருத்துவர்களுக்குக் கவலை தருபவர்கள் இவர்களே.

தொடர்ந்து உண்போரிடமும் ஆண்டுகள் செல்லச் செல்ல மருந்து தோற்பதுண்டு. உறங்கிய உயிரணுக்களுள் ஏதோ ஒன்றில் கிட் மரபணு மறுபடி உருத்திரிந்து, மாத்திரை நுழையாதபடி சங்கின் வாய் வடிவம் மாறிவிடுகிறது. அந்நிலைக்காக 2006இல் சுனிட்டினிப், 2013இல் ரெகோரஃபெனிப், 2020இல் ரிப்ரெட்டினிப் என மருந்துகள் வந்தன. ஒவ்வொன்றும் சில காலம் தாங்கும். பிடிஜிஎஃப்ஆர்ஏ மரபணுவில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பழுது நேர்ந்த கட்டிகள் இமாட்டினிப்புக்குத் தொடக்கத்திலிருந்தே இணங்குவதில்லை. அவற்றுக்கென அவாப்ரிட்டினிப் 2020இல் கிடைத்தது. ஆகவே, மாத்திரை எழுதுமுன் கட்டியின் மரபணுவைச் சோதித்துப் பார்ப்பது இன்று முறையாகிவருகிறது.

வாழ்நாள் முழுதும் ஒரு மாத்திரை என்றால், அதன் விலை என்ன என்ற வினாவும் வாழ்நாள் வினாவே. அவ்வினாவுக்கு விடை தேடப்பட்ட இடங்களுள் சென்னையும் ஒன்று. இமாட்டினிப்பின் ஒருவகைப் படிக வடிவத்திற்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் நிறுவனம் அளித்த மனுவைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரித்தது. முன்பே அறிந்த பொருளின் புதிய வடிவம், பயனில் மேம்பட்டதாக இருந்தாலன்றிப் புதுக்கண்டுபிடிப்பு ஆகாது என்பது இந்தியச் சட்டத்தின் ஒரு பிரிவு. அப்பிரிவை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. அந்நிறுவனத்தின் மாத்திரைக்கு மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் ஆகும் என்றும், இந்திய நிறுவனங்களின் மாத்திரைக்கு 10,000 ரூபாய்க்கு மேற்படாது என்றும் அக்காலத்தில் பேசப்பட்டது. நோவார்ட்டிஸ் நிறுவனம் நோயாளிகள் பலருக்கு மருந்தை இலவசமாக வழங்கிவந்ததையும் சொல்ல வேண்டும். ஆராய்ச்சிக்குப் பெரும்பொருள் செலவிடுவோர்க்கு அதற்கு ஈடு வேண்டாமா என்னும் அவர்கள் கேள்வியும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இந்திய உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1ஆம் நாள் இறுதித் தீர்ப்பு வழங்கியது. காப்புரிமை மறுக்கப்பட்டது. இந்திய நிறுவனங்கள் இம்மாத்திரையைச் செய்து விற்பதற்கு இருந்த ஐயம் அன்றோடு நீங்கிற்று.